நாலு பேரிடம் இருக்கும் செக்யூரிட்டி வேலையை ஒரே கம்பெனியிடம் கொடுக்கலாமா?

கேள்வி: சார், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறோம். அவிநாசி ரோட்டுப் பக்கம் தையல் யூனிட், பல்லடம் ரோட்டில் துணி குடோன், அதை ஒட்டியே பெண்கள் விடுதி, டவுனுக்குள் ஆபீஸ் என்று நான்கு இடம். செக்யூரிட்டி ஆட்கள் ஒரு ஏஜென்சி, சிசிடிவி ஒரு உள்ளூர்க்காரர், ஃபயர் அலாரம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கோயம்புத்தூர் கம்பெனி, பயோமெட்ரிக்கும் கதவு லாக்கும் இன்னொருவர். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு குடோன் பின்பக்க ஷட்டர் வழியாக 14 ரோல் துணி போய்விட்டது. பின்பக்கக் கேமரா அதற்கு ஒன்பது நாள் முன்பே செத்துப்போயிருக்கிறது. கேமராக்காரர் "செக்யூரிட்டியிடம் சொன்னேனே" என்கிறார். செக்யூரிட்டி நோட்டில் தினமும் "ஆல் ஓகே". ஷட்டர் சென்சார் சும்மா சும்மா கத்துகிறது என்று யாரோ ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள். இப்போது சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து "நாலையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஒரே பில், ஒரே போன் நம்பர்" என்று கோட்டேஷன் கொடுத்திருக்கிறது. இப்போது ஆகும் செலவைவிடக் கொஞ்சம் குறைவு. அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதும் சரி, உங்கள் தயக்கமும் சரி. நான்கு இடம் வைத்திருப்பவர்களுக்கு நானும் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் பொறுப்பில் கொண்டுவரத்தான் சொல்வேன். ஆனால் ஒரே பில், ஒரே போன் நம்பர் என்பதற்காக மட்டும் இதைச் செய்தால், அடுத்த வருடம் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். அப்போது பழி சொல்ல நாலு பேர் இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அந்தச் சனிக்கிழமை இரவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கேமராக்காரர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது, கேமரா போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது, யாரிடமோ சொல்லியும் இருக்கிறார். செக்யூரிட்டி ஆள் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், நோட்டில் எழுதியிருக்கிறார், ஆனால் கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் டூட்டியில் எங்கேயும் எழுதப்படவில்லை. சென்சாரும் வேலை செய்கிற நிலையில்தான் இருந்திருக்கிறது, அதன் சத்தத்தைத் தாங்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் வேலை எங்கே முடிகிறதோ, அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறதோ, அந்த இடைவெளி வழியாகத்தான் துணி போயிருக்கிறது. அந்த இடைவெளி நாலு ஒப்பந்தத்தில் ஒன்றிலும் இல்லை. ஒன்பது நாள் ஒரு கேமரா இருட்டாகக் கிடந்தும் உங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு 14 ரோலைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. கேமராவும் ஓடவில்லை, சென்சாரும் ஆஃப் என்ற இரண்டு தகவலும் தெரிந்த யாரோ சொல்லாமல் அந்த ஷட்டரைத் தேடி வந்திருப்பார்களா என்பதையும் விசாரிக்கிற போலீசிடம் கேளுங்கள்.

சரி, அந்தச் சென்னை கம்பெனி. இந்த மாதிரிக் கம்பெனிகளில் பெரும்பாலானவை அடிப்படையில் ஆள் கொடுக்கும் ஏஜென்சிகள். கேமரா, ஃபயர், கதவு லாக் எல்லாம் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஒருவருக்குச் சப் கான்ட்ராக்ட் போகும், சில சமயம் இப்போது உங்களிடம் இருக்கும் அதே கேமராக்காரரே புது யூனிஃபார்மில் வந்து நிற்பார். சப் கான்ட்ராக்ட் விடுவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கு விடுகிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் பெயரோடு இருக்க வேண்டும், உங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது, சப் கான்ட்ராக்டர் செய்யும் தவறுக்கும் இவர்களே பொறுப்பு என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரிக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்கள் வாங்குவது ஒருங்கிணைப்பு இல்லை, ஒரு தரகரைத்தான்.

ஒரே கம்பெனியிடம் கொடுப்பதால் கிடைக்கும் உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது, அதை அந்தக் கோட்டேஷனில் போட்டிருக்க மாட்டார்கள். கேமராவும் ஆளும் ஒருவர் கையில் இருந்தால், ஒன்று போகும்போது இன்னொன்றை அங்கே நிறுத்தச் சொல்லலாம். இரவு 2 மணிக்குப் பின்பக்கக் கேமரா போகிறது என்று வையுங்கள். கேமரா படத்தைப் பதியும் மெஷினான என்விஆரிலேயே, படம் நின்றால் அடிக்கும் வீடியோ லாஸ் அலாரம் உண்டு, பெரும்பாலான இடங்களில் அதை யாரும் ஆன் செய்து வைப்பதில்லை. அது அவர்கள் கன்ட்ரோல் ரூமில் அடிக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் இடத்து சூப்பர்வைசருக்குப் போன் போக வேண்டும், கேமரா சரியாகும் வரை அந்த ஷட்டர் முன்னால் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அந்தக் கூடுதல் ஆளின் சம்பளம் அவர்கள் கணக்கு. இந்தக் கடைசி வரியைச் சேர்த்துப் பாருங்கள், கேமரா ஒன்பது நாள் செத்துக் கிடக்காது. நாலு பேரிடம் நாலு ஒப்பந்தம் இருக்கும்போது இதை எழுதவே முடியாது, ஏனென்றால் கேமராக்காரரின் தாமதத்துக்கு ஏஜென்சி ஏன் ஆள் அனுப்பப் போகிறது?

ஆகவே கோட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணனும் நீங்களும் உட்கார்ந்து இந்த மாதிரி இடைவெளிகளை எழுதுங்கள். உங்கள் தொழிலில் என்னென்ன நடக்கும் என்று அவர்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் முதலில் யாருக்குத் தெரிய வேண்டும், அவர் யாருக்கு எத்தனை நிமிடத்தில் சொல்ல வேண்டும், அந்த இடத்துக்கு யார் போக வேண்டும், எங்கே எழுத வேண்டும், இவ்வளவுதான். நைட் ஷிப்ட் ஆள் வரவில்லை என்றால்? கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால்? ஃபயர் பேனலில் ஃபால்ட் லைட் எரிந்தால்? சென்சார் விஷயமும் இதில் வர வேண்டும். பல்லடம் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காற்றில் ஷட்டர் ஆடினால் மேக்னெட் சென்சார் கத்தத்தான் செய்யும், ஷட்டருக்குத் தோதான வேறு வகை சென்சார் போட்டு கைடு ரெயிலையும் இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் சென்சார்காரர், சத்தத்தில் தவிப்பவர் வாட்ச்மேன், இருவரும் சந்திப்பதே இல்லை. புது ஒப்பந்தத்தில் கேட்டில் நிற்பவர் எந்த அலாரத்தையும் பைபாஸ் செய்ய முடியாதபடி ரகசிய எண் வைக்கச் சொல்லுங்கள், ஒரே சென்சார் ஒரு வாரத்தில் மூன்று தடவை சும்மா கத்தினால் டெக்னீஷியன் வந்தாக வேண்டும் என்றும் போடுங்கள்.

வேஸ்ட் வண்டியை மறக்காதீர்கள். கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் நல்ல துணி போவது திருப்பூருக்குப் புதிதில்லை. மூட்டை கட்டும் இடத்தில் கேமரா, எடை போடும்போது உங்கள் ஆள் ஒருவர், கேட் பாஸ் இல்லாமல் வண்டி நகரக் கூடாது, கேட் பாஸ் எழுதுபவரும் கேட்டைத் திறப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எல்லாரும் கோட்டைவிடுவது: கடிகாரம். கேமராவில் ஒரு நேரம், பயோமெட்ரிக்கில் ஒரு நேரம், அலாரம் பேனலில் ஒரு நேரம், கேட் நோட்டில் வாட்ச்மேன் கைக்கடிகார நேரம். ஒரு சம்பவம் நடந்த பிறகு இவற்றை ஒட்ட வைக்க முயன்றால் தலை சுற்றும். எல்லா மெஷினும் ஒரே டைம் சர்வரிலிருந்து நேரம் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள், செலவே இல்லாத வேலை. வருபவர்கள் உண்மையிலேயே ஒருங்கிணைக்கத் தெரிந்தவர்களா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. முதல் மீட்டிங்கிலேயே அவர்கள் தாங்களாகவே இதைக் கேட்டால் நல்ல சகுனம்.

அமெரிக்க பையருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் சி-டிபாட் (சரக்குப் பாதுகாப்புக்கான அமெரிக்க சுங்கத் துறைத் திட்டம்) ஆடிட்டில் கன்டெய்னர் சீல் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். ஐஎஸ்ஓ 17712 தரத்து போல்ட் சீல், அதைப் போட்ட பிறகு பார்த்து, நம்பரைச் சரிபார்த்து, இழுத்து, திருகிப் பார்க்க வேண்டும், லோடிங்குக்கு முன்னால் கன்டெய்னரின் ஏழு பகுதிகளைச் சோதித்துப் பதிய வேண்டும். இந்த வேலையைச் செக்யூரிட்டி சூப்பர்வைசர் தலையில் கட்டுவது வழக்கம், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். புது கம்பெனி வந்தால் இதற்கான பயிற்சி அவர்கள் பொறுப்பு, ஆனால் சீல் இருக்கும் பெட்டியின் சாவி உங்கள் ஷிப்பிங் ஆளிடம்தான்.

இப்போது நான் அதிகமாகக் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். தீ. பூட்டுபவர் ஒருவர், தீயைக் கண்டுபிடிப்பவர் ஒருவர் என்று பிரிந்து கிடக்கும்போது உயிர் போகும். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சி பால்தியா டவுனில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பது பின்னால் கோர்ட் வரை போன தனிக்கதை, ஆனால் வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி இருந்தது. அதே வருடம் நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தாஸ்ரீன் ஃபேக்டரியில் 110-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அங்கும் மாடிகளில் கேட்டுகள் பூட்டிக் கிடந்ததாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். துணி திருடு போகக் கூடாது என்று போடும் பூட்டுதான் இந்த மாதிரி இடங்களில் ஆட்களை உள்ளே அடைக்கிறது. உங்களிடம் திருட்டு நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இந்த நேரத்தில் எல்லாக் கதவுக்கும் ஒரு எக்ஸ்ட்ரா பூட்டு போடத் தோன்றும், யாராவது ஏற்கெனவே போட்டும் இருக்கலாம். இன்றைக்கே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள், முக்கியமாக விடுதியில்.

எலக்ட்ரானிக் லாக் இருக்கும் ஒவ்வொரு கதவும் ஃபயர் அலாரம் அடித்த நொடியில் தானாகத் திறக்க வேண்டும், கரண்ட் போனாலும் திறக்க வேண்டும், அதற்குப் பக்கத்திலேயே கையால் உடைத்துத் திறக்கும் பச்சைப் பெட்டி இருக்க வேண்டும். ஃபயர் பேனலிலிருந்து லாக் பவர் சப்ளைக்கு ஒரு வயர், அவ்வளவுதான் வேலை. ஆனால் பேனல் ஒருவருடையது, லாக் இன்னொருவருடையது என்பதால் அந்த வயரை இருவருமே இழுத்திருக்க மாட்டார்கள். உங்கள் நாலு இடத்தில் எத்தனை கதவில் இது இருக்கிறது என்று இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொல்லிச் சோதியுங்கள், புது ஒப்பந்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் மாதம் ஒரு தடவை, ஷிப்ட் நடக்கும்போது, மேனுவல் கால் பாயின்ட்டை (ஃபயர் அலாரத்தைக் கையால் அடிக்க வைக்கும் பெட்டி) அழுத்திப் பாருங்கள். மணி அடிக்கிறதா, லாக் திறக்கிறதா, கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வருகிறதா, செக்யூரிட்டி ஆள் எந்தப் பக்கம் ஓடுகிறார், கேட்டைத் திறந்து வைக்கிறாரா, 112-க்கோ 101-க்கோ போன் செய்வது யார் என்று எல்லாருக்கும் தெரிகிறதா. இந்த ஐந்தாறு விஷயமும் ஒரே தடவையில் சோதிக்கப்பட வேண்டும், தனித்தனியாகச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

இதே காரணத்துக்காக ஃபயர் பேனலின் பராமரிப்பை மட்டும் அந்த பேனல் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ்காரரிடமே விட்டுவையுங்கள் என்பது என் கருத்து. அவரை வரவழைப்பது, அவர் வேலையைப் பதிவது, மாதாந்திரச் சோதனையை நடத்துவது எல்லாம் ஒருங்கிணைக்கும் கம்பெனி செய்யட்டும். நாலையும் மொத்தமாக விழுங்கியே ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

"கொஞ்சம் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? ஆள் கணக்கில் பாருங்கள். ஒரு போஸ்ட் 24 மணி நேரமும் ஓட வேண்டும் என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒரு ஆள் வாரத்தில் ஆறு ஷிப்ட்தான் செய்ய முடியும், ஆக ஒரு போஸ்டுக்கு மூன்றரை ஆள் வேண்டும், லீவுக்கும் உடம்பு சரியில்லாததற்கும் சேர்க்காமலே. ஐந்து போஸ்ட் என்றால் 17, 18 பேர். கோட்டேஷனில் 10 பேர் என்று இருந்தால், அவர்கள் ஒரு போஸ்டுக்கு இரண்டு ஆள் போட்டு, பன்னிரண்டு மணி நேரம், ஏழு நாளும் நிறுத்தப் போகிறார்கள், அதாவது வாரம் 84 மணி நேரம். சட்டம் சொல்வது 48. அப்படி நிற்கும் மனிதர் அதிகாலை மூன்று மணிக்குத் தூங்கினால் அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சம்பளத்தையும் பாருங்கள், அது உங்கள் தலையில் வந்து விழக்கூடியது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது நீங்கள், கொடுக்க வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. முதலாளி பங்கு பிஎஃப் நிர்வாகச் செலவோடு சேர்த்து 13 சதவீதம், ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், இவை குறைந்தபட்ச ஊதியத்தின் மேல் போட்டுப் பார்த்தாலே ஒரு ஆளுக்கு அடிமட்ட விலை தெரிந்துவிடும். அதற்குக் கீழே கோட் செய்பவர் எங்கேயோ கை வைக்கிறார். மாதா மாதம் பில்லோடு உங்கள் சைட்டில் வேலை பார்த்தவர்களின் பெயர் வரும் பிஎஃப், ஈஎஸ்ஐ பட்டியலும் சம்பளம் பேங்கில் போனதற்கான ஆதாரமும் வந்தால்தான் பணம் விடுவிப்போம் என்று எழுதிவிடுங்கள்.

லைசென்ஸ் பற்றி. ஆள் வைத்துக் காவல் கொடுக்கும் எந்த ஏஜென்சிக்கும் 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், எல்லாரும் பசாரா லைசென்ஸ் என்று சொல்வது அதைத்தான். அது மாநிலத்துக்கு மாநிலம் தனி, ஐந்து வருடம் செல்லும், பெங்களூரு லைசென்ஸைக் காட்டினால் திருப்பூருக்குச் செல்லாது. அவர்கள் ஆட்களைச் சப் கான்ட்ராக்டில் எடுத்தால் அந்தச் சப் கான்ட்ராக்டருக்கும் வேண்டும். மத்திய மாதிரி விதிகளின்படி புதிதாகச் சேரும் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் உண்டு, 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசராவது இருக்க வேண்டும், வேறு வேறு இடங்களில் சிதறியிருந்தால் ஆறு பேருக்கு ஒருவர். உங்களுடையது சிதறிய நான்கு இடம், இந்த வரியைக் காட்டிச் சூப்பர்வைசர் எத்தனை பேர் என்று கேளுங்கள். காவலருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது என்பதையும் உங்கள் மேனேஜர்களுக்குச் சொல்லிவையுங்கள். கண்ணெதிரே பெரிய குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம், பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், அறையில் உட்கார வைத்து விசாரிப்பதெல்லாம் கூடவே கூடாது.

ஒரே பில் என்பதில் ஒரு வரிச் சிக்கல் இருக்கிறது, உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். 2019 ஜனவரி முதல், காவலாளிகளைக் கொடுப்பவர் தனி உரிமையாளராகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்து, வாங்குபவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவராக இருந்தால், ஆள் சப்ளைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை வாங்குபவரே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் இது வராது. கேமரா விற்பனைக்கும் ஏஎம்சிக்கும் எப்போதும் போல அவர்கள் பில்லிலேயே வரி வரும். எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால் குழப்பம், ஆகவே ஒரே கம்பெனியாக இருந்தாலும் ஆள், கேமரா, லாக் ஒவ்வொன்றுக்கும் தனி ரேட், தனி வரி கேளுங்கள். இதில் வரியைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு, ஒரு சேவை சரியில்லை என்றால் அதை மட்டும் கழற்றிவிட முடியும்.

இனி எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறேன். என்விஆர், கேமரா, லாக் சாஃப்ட்வேர் எல்லாவற்றின் அட்மின் பாஸ்வேர்டும் உங்கள் கையில், சீல் வைத்த கவரில் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தனி யூசர் ஐடி. மெஷின்கள் உங்கள் பெயரில் வாங்கப்பட வேண்டும், மாத வாடகைக்குக் கேமரா போட்டுத் தருகிறோம் என்பதை ஏற்காதீர்கள், வெளியே போகும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார்கள். எந்தக் கம்பெனி கேமராவும் ஓடக்கூடிய ஆன்விஃப் வசதி உள்ள என்விஆராக இருக்கட்டும். பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி எடுக்கும், 32 கேமரா வைத்து 16 டிபி டிஸ்க் போட்டால் 23 நாள்தான் வரும், கோட்டேஷனில் 30 நாள் என்று போட்டிருப்பார்கள்.

அந்தப் பதிவு கோர்ட்டில் நிற்க வேண்டும் என்றால் 2023 பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், ஒரு பகுதியை மெஷினைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கம்பெனி மாறிப் போன பிறகு பழைய ஆளைத் தேடிக் கையெழுத்து வாங்க முடியாது, ஆகவே யார் கையெழுத்துப் போடுவார், எத்தனை நாளில் பதிவை எடுத்துக் கொடுப்பார் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இப்போதைய திருட்டு வழக்குக்கும் மற்ற கேமராக்களில் இருப்பதை உடனே தனி டிஸ்கில் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மேலே மேலே பதிவாகி அழிந்துவிடும்.

விடுதி கேமரா எதுவும் சென்னை கன்ட்ரோல் ரூமுக்குப் போகக் கூடாது, வெளிக் கேட் கேமரா தவிர. அங்கே உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. விடுதி டூட்டிக்குப் பெண் காவலர்கள்தான், அவர்களுக்குக் கழிப்பறையும் இரவில் உட்கார ஒரு அறையும் நீங்கள் கொடுக்க வேண்டும். தொழிலாளர்களின் கைரேகை, முகப்பதிவு, கேட்டில் எழுதும் விசிட்டர் போன் நம்பர் எல்லாம் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் பொறுப்பு, சேவை நிறுவனம் கசியவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் பக்கத்திலும் ஒரு ஆள் வேண்டும். ஏற்கெனவே இருபது வேலை பார்க்கும் எச்ஆர் மேனேஜர் தலையில் இதையும் வைக்காதீர்கள். தினமும் காலை பத்து நிமிடம் எல்லாக் கேமராவும் ஓடுகிறதா என்று திறந்து பார்க்க, சென்னையிலிருந்து வரும் ரிப்போர்ட்டை நோட்டோடு ஒப்பிட, வாரத்தில் ஒரு இரவு சொல்லாமல் போய்ப் பார்க்க ஒருவர். சரிபார்க்கும் வேலையை அந்தக் கம்பெனியிடமே கொடுத்துவிட்டால் மறுபடியும் "ஆல் ஓகே" நோட்டுதான். வருடத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருவரை வைத்து ஆடிட் செய்யுங்கள், அவருக்கும் அந்தக் கம்பெனிக்கும் எந்த வியாபாரத் தொடர்பும் இருக்கக் கூடாது.

நான்கு இடத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குடோனை மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள், அங்கே பிடிபடாத கோளாறு எதுவும் விடுதியில் போய் முதல் முறையாக வெளிப்படக் கூடாது. பிறகு யூனிட், பிறகு ஆபீஸ், விடுதி கடைசி. ஒப்பந்தம் ஒரு வருடம், 60 நாள் நோட்டீஸில் இரண்டு பக்கமும் விலகலாம், விலகும்போது பாஸ்வேர்டு, வயரிங் வரைபடம், பதிவுகள், சாவிகள் எல்லாம் ஒப்படைத்த பிறகே கடைசி மாதப் பணம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இப்போதைய நாலு ஒப்பந்தமும் எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள், ஃபயர் ஏஎம்சி ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. அண்ணன் சென்னைக்காரர்களிடம் சரி என்று சொல்வதற்குள், இப்போதைய கேமராக்காரரை அழைத்து "திருட்டு கேஸுக்காக எல்லாப் பாஸ்வேர்டும் வேண்டும்" என்று கேட்டு வாங்கி, நீங்களே ஒவ்வொன்றாக லாகின் செய்து பார்த்துவிடுங்கள். வேலை போகப் போகிறது என்று தெரிந்த பிறகு அவர் போனை எடுப்பாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.